திரும்பிப் பார்த்த இளையதம்பி

வேலணையில் இளையதம்பி என்று விசாரித்தால் எந்த இளையதம்பி என்று கேட்பார்கள். காலியில் சுருட்டுக்கடை வைத்திருந்தவர் என்று சொன்னால் அதிலும் இரண்டு பேர் வருவார்கள். திரும்பிப் பார்த்தவர் என்று சொல்லிவிட்டால் போதும். படலை வரைக்கும் கூட்டிக்கொண்டு போய் விட்டுவிடுவார்கள்.

அந்தப் பட்டம் அவருக்கு 1975ஆம் ஆண்டு சுடலையில் கிடைத்தது. மனைவி நாகபூசணிக்கு மூன்று நாள் காய்ச்சல். தந்தி காலிக்குப் போய், மனுசன் ரயிலேறி, பஸ்ஸேறி, வீட்டுப் படலைக்கு வந்து சேர்ந்தபோது பறை அடித்துக்கொண்டிருந்தது. வெயில் காலம். பிரேதத்தை இனியும் வைத்திருக்க முடியாது என்று பெரியவர்கள் அந்தரப்பட்டார்கள். வாய்க்கரிசி போட்ட அந்தப் பத்து நிமிடந்தான் அவருக்குக் கிடைத்தது. அதிலும் பாதி நேரம் யாரோ ஒருத்தி குறுக்கே விழுந்து அழுதுகொண்டிருந்தாள். வருடத்தில் இரண்டு தரம் ஊருக்கு வந்துபோகிற கடைக்காரருக்கு மனைவியின் முகத்தை ஆறுதலாகப் பார்க்க என்றைக்குத்தான் நேரம் இருந்தது? பூவும் பவுடருமாகக் கிடந்த அந்த முகம் அவருக்குத் தெரிந்த முகமாகவே இல்லை.

ஆண்பிள்ளை இல்லாதபடியால் கொள்ளி அவர் கையில் வந்தது. குடத்தைத் தோளில் வைத்து மூன்று தரம் சுற்றி, அதை உடைத்து, சிதைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று கொள்ளியை வைத்தார். "திரும்பிப் பாராமல் போங்கோ" என்று கிரியை செய்வித்தவர் சொன்னார். எல்லாருக்கும் சொல்வதுதான். எல்லாரும் கேட்டு நடப்பதுதான். இளையதம்பி பதினைந்து எட்டு எடுத்து வைத்தார். பிறகு நின்றார். ஊரே பார்த்துக்கொண்டிருக்கத் திரும்பினார்.

வீட்டில் தங்கை சீதேவி தலையில் அடித்துக்கொண்டாள். இளம் வயதிலேயே புருசனை இழந்து, பிள்ளையும் இல்லாமல், தமையனோடு வந்து இருந்தவள் அவள். "போற வழி போகாமல் அண்ணி உங்களுக்குப் பின்னாலை வந்திட்டா அண்ணை. இது இந்தக் குடும்பத்துக்கு நல்லதுக்கில்லை" என்றாள். அந்த வருடம் புகையிலை அழுகியது. கிணறு உவர்த்தது. ஏழு வயது மகள் சறோஜினி விழுந்து கையை முறித்தாள். எல்லாவற்றுக்கும் காரணம் ஊருக்குத் தெரிந்திருந்தது. இளையதம்பி மகளைத் தங்கையிடம் விட்டுவிட்டுக் காலிக்குத் திரும்பிப் போனார். கடையின் பின்னறையில் பாயை விரித்து, ஓர் ஓரமாகத்தான் படுப்பார். பின்னாலே வந்தவள் என்றால் அவளுக்கும் இடம் வேண்டுமே.

காலிக் கோட்டைக்குள்ளே மாக்கிறேற் நோனா என்று ஒரு பறங்கிச் சீமாட்டி இருந்தாள். எழுபது வயது. தனிக்கட்டை. அவளுக்கு யாழ்ப்பாணச் சுருட்டில் அப்படி ஒரு பிரியம். கடைக்கு வந்து வாங்கினால் கௌரவக் குறைச்சல் என்று, சனிக்கிழமை தோறும் கடதாசியில் சுற்றிக் கொண்டுவந்து தரச் சொல்வாள். அப்படிப் போன இடத்தில்தான் இளையதம்பி அந்தப் படத்தைக் கண்டார்.

காவி நிறச் சுண்ணக்கட்டியால் கடதாசியில் கீறிய படம். கண்ணாடி போட்டுக் கூடத்துச் சுவரில் மாட்டியிருந்தது. முந்நூறு வருடத்துப் பழையது, ஒல்லாந்தர் காலத்தில் கப்பலில் வந்தது என்று நோனா சொல்வாள். மூன்று பேர் அதில். ஒருவரும் நேராக நிற்கவில்லை. உடம்பெல்லாம் முறுகி, உடுதுணி காற்றில் சுருண்டு பறந்தது. முன்னாலே போகிறவன் கையில் ஒரு வாத்தியம். அவன் திரும்பிப் பார்க்கிறான். பின்னாலே ஒரு பெண் கையை நீட்டியபடி சரிகிறாள். அவளுடைய மற்றக் கையைச் சிறகுச் செட்டை முளைத்த தொப்பிக்காரன் ஒருவன் பிடித்து இழுக்கிறான்.

"இவன் ஏன் திரும்புகிறான்?" என்று இளையதம்பி கேட்டார்.

பாதி சிங்களமும் பாதி ஆங்கிலமுமாக நோனா கதையைச் சொன்னாள். கிரேக்கத்துப் பழங்கதை. அவன் பெரிய பாட்டுக்காரன். மனைவி பாம்பு கடித்துச் செத்துப்போனாள். அவன் எமலோகம் வரைக்கும் போய்ப் பாடினான். எமன் மனம் இளகி அவளைத் திருப்பிக் கொடுத்தான். ஒரேயொரு நிபந்தனை. வெளிச்சத்துக்கு வந்து சேரும்வரை அவன் முன்னாலே நடக்க வேண்டும், அவள் பின்னாலே வருவாள், அவன் திரும்பிப் பார்க்கக் கூடாது.

இளையதம்பி அன்றைக்குத்தான் முதன்முதலாக நோனா வீட்டுக் கதிரையில் இருந்தார். இருக்கச் சொல்லும்வரை காத்திருக்கவில்லை.

"எவ்வளவு தூரத்தில் திரும்பினான்?"

"குகை வாசலில். இவன் வெளியே வந்துவிட்டான். அவள் இன்னும் உள்ளே. இவன் தன் காலை மட்டும் பார்த்துக்கொண்டு, வந்துவிட்டோம் என்று நினைத்துத் திரும்பினான்."

"இன்னும் இரண்டு எட்டுப் பொறுத்திருந்தால்?"

"வந்திருப்பாள்" என்றாள் நோனா, சுருட்டைப் பற்ற வைத்தபடி.

இரண்டு எட்டு. அந்தக் கணக்கை இளையதம்பி பிறகு மறக்கவே இல்லை. பட்டம் சுமந்த ஏழு வருடத்தில், தன்னைப் போல ஒரு குற்றவாளி உலகத்தில் இருக்கிறான் என்று அறிந்ததில் அவருக்கு வந்த ஆறுதல் கொஞ்சநஞ்சமல்ல. 1983 தொடக்கத்தில் நோனா அவுஸ்திரேலியாவுக்குப் போக வெளிக்கிட்டாள். அலுமாரிக்கும் கட்டிலுக்கும் ஆட்கள் போட்டி போட்டு அடிபட்டபோது இளையதம்பி அந்தப் படத்தைக் கேட்டார். நோனா அவரை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுக் கழற்றிக் கொடுத்தாள். சுண்ணக்கட்டி வேலை, விரல் பட்டால் அழியும், தண்ணீர் பட்டால் ஒன்றும் மிஞ்சாது என்று எச்சரித்தாள்.

அந்த ஆடிக் கலவரத்தில் கடை எரிந்தது. பின்கதவால் ஓடினபோது இளையதம்பி எடுத்தது அந்தப் படத்தை மட்டுந்தான். முகாமில் இருந்து, அகதிக் கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து, ஊர் சேர்ந்தார்.

படத்தைச் சுற்றிக் கட்டியிருந்த சாரத்தைப் பிரித்துச் சீதேவி பார்த்தாள்.

"கடை எரிஞ்சால் ஆக்கள் காசுப்பெட்டியை எடுப்பினம். என்ரை அண்ணை உடுப்பில்லாத பொம்பிளையை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார்!"

"அது உடுப்புத்தான். காத்துக்குப் பறக்குது."

"பறந்த உடுப்பு உடுத்த உடுப்போ? குமர்ப்பிள்ளை இருக்கிற வீடு அண்ணை இது."

ஆனாலும் கதையைக் கேட்டபிறகு அவள் மனம் கொஞ்சம் இளகியது. படம் கூடத்தில் தொங்கியது. பெண்ணின் மார்புக்கு நேரே கண்ணாடிக்கு மேலால் ஒரு சட்டைத் துண்டைத் தொங்கவிட்டாள். வெள்ளிக்கிழமைகளில் அந்த நெற்றிக்கு நேரே ஒரு குங்குமப் பொட்டும் வைத்தாள். "புருசன் உயிரோடை முன்னாலை போறான், இவளுக்கு நெத்தியிலை ஒண்டுமில்லை" என்று அதற்கு நியாயமும் சொன்னாள்.

சறோஜினிக்கு அப்போது பதினைந்து வயது. தகப்பனோடு சேர்ந்தாற்போல ஒரு மாதம் இருந்து அறியாத பிள்ளை. இப்போது தகப்பன் போக வேறு இடமில்லாமல் வீட்டோடு வந்து சேர்ந்திருக்கிறார். தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கப் போனாலும் பின்னாலே போவாள். பனங்காணிக்குள் ஓலை பொறுக்கப் போனாலும் போவாள். இளையதம்பிக்கு நாலு எட்டுக்கு ஒரு தரம் திரும்பிப் பார்க்காமல் நடக்க வராது. அவளுக்கு அது பகிடி. "இருக்கிறன் ஐயா, ஓடிப்போகேல்லை" என்பாள்.

ஒருநாள் படத்துக்கு முன்னால் நின்றுகொண்டு கேட்டாள்.

"இவன் திரும்பினது பிழையோ ஐயா?"

"பிழைதான். ரெண்டு எட்டுப் பொறுத்திருந்தால் அவள் வந்திருப்பாள்."

"எனக்கெண்டால், அவன் திரும்பாமலே போயிருந்தால்தான் கோவம் வந்திருக்கும்."

"ஏன்?"

"பின்னாலை வாற ஆள் வருதோ இல்லையோ எண்டு ஒருக்காலும் பாக்காத மனுசனோடை போய் என்ன செய்யிறது?"

இளையதம்பி சிரித்தார். சின்னப் பிள்ளைக் கதை என்று விட்டுவிட்டார். விடாமல் இருந்திருக்கலாம்.

அதற்குப் பிறகு ஏழு வருடம். ஊருக்கு வந்ததெல்லாம் அந்த வீட்டுக்கும் வந்தது. சறோஜினிக்கு வந்த இரண்டு சம்பந்தமும் தட்டிப்போயின. ஒருவன் வெளிநாட்டுக்குப் போய்விட்டான். மற்றவன் வீட்டார் விசாரித்துப் பார்த்துவிட்டு, திரும்பிப் பார்த்த குடும்பம் என்று பின்வாங்கினார்கள். அன்றைக்கு மகள் குசினிக்குள் இருந்து சத்தமில்லாமல் அழுததை இளையதம்பி கண்டார். பிள்ளையின் வாழ்வைத் தின்றது அன்றைக்குத் திரும்பின தன் கழுத்துத்தான் என்று அவருக்கு உறுதியாகப் பட்டது. இனி ஒருநாளும் அப்படிச் செய்வதில்லை என்று படத்துக்கு முன்னால் நின்று நேர்ந்துகொண்டார். நடக்கும்போது திரும்பிப் பார்ப்பதை அன்றோடு விட்டார். சறோஜினி கவனித்தாள்.

1990 ஆவணியில் ஊர்காவற்றுறைப் பக்கமிருந்து ஆமி வந்தது. ஷெல் வேலணைக்குள்ளும் விழத் தொடங்கியது. யாழ்ப்பாணக் கோட்டையில் சண்டை நடந்தபடியால் பண்ணைப் பாலத்தால் பட்டணம் போக வழியில்லை. கடலை நடந்து கடந்து அக்கரையில் அராலிக்குப் போகலாம் என்று சனம் முழுவதும் தீவின் அராலித்துறைக்கு ஓடியது. இளையதம்பி உடுப்பு மூட்டையை மகளிடம் கொடுத்தார். படத்தைத் துணியால் சுற்றி, உரப்பைக்குள் போட்டு வாயைக் கட்டித் தன் தலையில் வைத்துக்கொண்டார். "இந்த நேரத்திலையும் அவளை விடமாட்டியளோ?" என்று சீதேவி கேட்டாள். ஆனால் பையின் வாயை இறுக்கிக் கட்டியதும் அவள்தான்.

துறையில் நின்ற வள்ளங்கள் அத்தனை பேருக்கும் காணாது. ஊர்காவற்றுறையிலிருந்து ஓடிவந்த அம்புறோஸ் என்ற கடற்றொழிலாளி தன் வள்ளத்தில் வயதானவர்களையும் கைக்குழந்தைகளையும் ஏற்றி ஏற்றி அக்கரையில் இறக்கிக்கொண்டிருந்தார். முழங்கால் வருத்தக்காரி என்று சீதேவிக்கு ஓர் இடம் கொடுத்தார்.

"முதலாளி, நீங்கள் நடவுங்கோ. வலைத்தடியளைப் பிடிச்சுக்கொண்டு நேரை போனால் நெஞ்சளவுக்கு மேலை வராது. நிண்டு மினக்கெடாதேங்கோ. ஹெலிகொப்டர் திரும்பியும் வரும்."

காலை பத்து மணி இருக்கும். வெயில் தண்ணீரில் பட்டுக் கண்ணைக் குத்தியது. முன்னும் பின்னுமாக நூற்றுக்கணக்கான தலைகள் கடலுக்குள் போய்க்கொண்டிருந்தன. இளையதம்பி இறங்குமுன் மகளிடம் சொன்னார்.

"என்ரை தோளிலை கை வைச்சுக்கொண்டு வா. நான் திரும்பிப் பாக்கமாட்டன். நீ வாறாய் எண்டு எனக்குத் தெரியும்."

"சரி ஐயா."

பாதித் தூரம் வரைக்கும் அந்தக் கை தோளில் இருந்தது. ஈரமாக, கனமில்லாமல். பிறகு பின்னாலே ஒரு பெண் கத்தினாள். அதே ஒழுங்கையில் குடியிருந்த அன்னபூரணம். இரண்டு பிள்ளைகளோடு வந்தவள். "ஐயா, நீங்கள் போங்கோ, நான் இவவுக்கு ஒரு கை குடுத்துக்கொண்டு வாறன்" என்றாள் சறோஜினி. கை தோளைவிட்டு எடுபட்டது.

இளையதம்பி நின்றார். கழுத்து தன்பாட்டில் திரும்பப் பார்த்தது. சுடலையும், படத்தில் சரிகிற அந்தப் பெண்ணும், குசினிக்குள் அழுத பிள்ளையும் ஒன்றாக வந்து கண்ணுக்கு முன்னால் நின்றன. பல்லைக் கடித்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

ஹெலி வந்தது. மேலிருந்து சுட்ட சூட்டில் தண்ணீர் பின்னால் படபடவென்று கொதித்த சத்தம் கேட்டது. சனம் குழறியது. அந்தக் குழறலுக்குள் "ஐயா" என்ற ஒரு குரலும் கேட்டது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு தரம். அவர் இரண்டு கையாலும் தலையிலிருந்த படத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். இதுதான் சோதனை என்று நினைத்தார். இந்த இடத்தில்தான் அவன் திரும்பினான். இந்த இடத்தில்தான் நானும் திரும்பினேன். இந்த முறை மாட்டேன்.

அராலிக் கரையில் அவர் கால் சேற்றில் பட்டது. மணலில் பட்டது. அப்போதும் திரும்பவில்லை. தான் கரையேறினால் போதாது, அவளும் ஏற வேண்டும். நோனா அதைத்தானே சொன்னாள். இன்னும் இரண்டு எட்டு வைத்தார். அதோடும் விடாமல் மேலும் பத்து எட்டு. தண்ணீருக்கு முதுகைக் காட்டி, கண்ணை மூடிக்கொண்டு நின்றார். ஆட்கள் ஈரம் சொட்டச் சொட்ட அவரைக் கடந்து போனார்கள். கால்களின் சத்தம் குறையக் குறைய அவர் இன்னும் கொஞ்சம் பொறுத்தார். எல்லாச் சத்தமும் ஓய்ந்த பிறகு, மகளுக்கு வேண்டிய நேரத்துக்கு மேலும் நேரம் கொடுத்துவிட்டோம் என்ற நிறைவோடு திரும்பினார்.

கரையில் யாரும் இல்லை. கடலில் வலைத்தடிகள் நின்றன, ஒரு மூட்டை மிதந்தது.

அவர் திரும்பத் தண்ணீருக்குள் ஓடியதை அம்புறோஸ்தான் கண்டு, வள்ளத்தைக் குறுக்கே விட்டுப் பிடித்து ஏற்றினார். பின்னேரம் வரைக்கும் இரண்டு பேருமாகத் தேடினார்கள். படம் கரையோரத்தில் கிடந்தது. எப்போது கைவிட்டார் என்பது அவருக்கே தெரியாது. உரப்பை கிழிந்து, கண்ணாடி நொறுங்கி, கடதாசி முழுவதும் ஊறிப்போயிருந்தது. எவன் முன்னால் போனான், எவள் பின்னால் வந்தாள் என்று ஒன்றும் தெரியவில்லை. வெறும் காவிக் கறை.

யாழ்ப்பாணத்தில் ஒரு பள்ளிக்கூடத்து முகாமில் அவரையும், வள்ளத்தில் கரை சேர்ந்த சீதேவியையும் அன்னபூரணம் தேடி வந்தாள். பிள்ளை இரண்டும் அவளோடு நின்றன.

"என்ரை சின்னனைத் தண்ணிக்குள்ளை தாளவிடாமல் தூக்கித் தந்தவள் அண்ணை. அதுக்குள்ளை ஹெலி வந்திட்டுது. நான் தாண்டு எழும்பிப் பாக்கேக்கை பிள்ளை என்ரை கையிலை, அவளைக் காணேல்லை." அவள் அழுதாள். பிறகு கேட்கக் கூடாததையும் கேட்டாள். "உங்களைக் கூப்பிட்டவள். ரெண்டு தரம் கூப்பிட்டவள். உங்களுக்குக் கேக்கேல்லையோ?"

"கேக்கேல்லை" என்றார் இளையதம்பி.

அவர் வாழ்நாளில் சொன்ன பெரிய பொய் அதுதான். சுருட்டுக்கடைக்காரர், எத்தனையோ சின்னப் பொய் சொல்லியிருப்பார். இதைத் தங்கைக்கும் அவர் திருத்திச் சொல்லவில்லை.

முப்பத்தோராம் நாள் கிட்ட வந்தபோது சீதேவி தர்ப்பையில் உருவம் செய்து எரித்து, அந்தியேட்டிக் கிரியை செய்ய ஐயரோடு பேசிக்கொண்டு வந்தாள். உடம்பு கிடைக்காதவர்களுக்கு அப்படிச் செய்கிற வழக்கம் உண்டு. அந்த வருடம் அதற்கு ஐயருக்கும் ஓய்வில்லை. இளையதம்பி மாட்டேன் என்றார்.

"பிள்ளை அந்தரத்திலை நிக்குமே அண்ணை. ஒரு கொள்ளியை வையுங்கோவன்."

"கொள்ளி வைச்சால், பிறகு திரும்பிப் பாராமல் போ எண்டு சொல்லுவியள். என்னாலை இனி ஏலாது."

சீதேவி அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மூன்று மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, சுவரில் சாய்த்து வைத்திருந்த அந்தக் கண்ணாடி இல்லாத சட்டத்துக்குள் கறை படிந்த கடதாசியில், பெண்ணின் நெற்றி இருந்திருக்கக்கூடிய இடத்தைத் தேடி ஒரு பொட்டு வைத்தாள். பிழையான இடத்தில்தான் வைத்திருப்பாள். இளையதம்பி பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐந்து வருடம் அவர் நாளுக்கு ஒரு தரம் அராலிக் கரைக்குச் சைக்கிளில் போய் வந்தார். அம்புறோஸ் அங்கேதான் தொழில் செய்தார். "ஏதும் பாத்தீரோ?" என்று இவர் கேட்பார். "இல்லை முதலாளி" என்று அவர் சொல்வார். இவர் சைக்கிளைத் திருப்புவார்.

1995 ஐப்பசிக் கடைசியில் யாழ்ப்பாணமே வெளிக்கிட்டது. ஆமி கிட்டிவிட்டது, எல்லாரும் வெளியேறுங்கள் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனார்கள். விடிந்தும் மழை விடவில்லை. நாவற்குழிப் பாலத்தை நோக்கிப் போன ஒற்றை றோட்டில் சனம் நெருக்குப்பட்டு, மணிக்கு நூறு யார்கூட நகர முடியாமல் நின்றது. சட்டத்தையும் கடதாசியையும் இளையதம்பி முகாமில் விட்டுவிட்டு வந்தார். சைக்கிளில் இரண்டு பையைக் கட்டித் தள்ளிக்கொண்டு முன்னால் போனார். சீதேவி ஒரு தடியை ஊன்றிக்கொண்டு பின்னால் வந்தாள்.

இரண்டு எட்டு வைப்பார், திரும்பிப் பார்ப்பார். இன்னும் இரண்டு எட்டு, இன்னொரு தரம். பின்னால் வந்தவர்கள் அவர்மேல் முட்டினார்கள். "பெரியவர், முன்னுக்குப் பாத்து நடவும்!" என்று ஒருவன் கத்தினான். இவர் யார் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. வேலணைப் பட்டமெல்லாம் வேலணையோடு போய்விட்டது.

"அண்ணை, நான் வாறன்தானே. பயப்பிடாமல் நடவுங்கோ" என்றாள் சீதேவி.

"ஓம், தெரியும்" என்றார். சொல்லிவிட்டு மறுபடியும் திரும்பினார்.

அப்போதுதான் அவள் அந்தக் கண்ணைக் கவனித்தாள். அது அவளில் படவில்லை. அவளுடைய தோளுக்கு மேலால், குடைகளுக்கும் மூட்டைகளுக்கும் மேலால், றோட்டு வந்த வழியே எங்கேயோ போய் நின்றது. இருபது வருடமாகத் திரும்பாதேங்கோ, திரும்பாதேங்கோ என்று அவரைத் திட்டிய வாய் அன்றைக்குத் திறக்கவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கமாக விலகினாள். அவருக்கு மறைக்காமல், றோட்டோரத்துச் சேற்றுக்குள் இறங்கி நடந்தாள்.